ஒரு சாண் கதவு

செப்டம்பர் 14, சனி

காலை ஆறரை. வெளியே இப்போதே வியர்வை, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. ஐஸ் ஹாக்கி ரிங்கின் உள்ளே விரல் மரத்துப்போகும் குளிர். நடுவில் ஓர் இரும்புக் கதவு மட்டும்.

சீசனின் முதல் பயிற்சி. பையில்: முகமூடி, மார்புக் கவசம், கழுத்துக் காப்பு, கையுறை இரண்டு, கால் பாட் இரண்டு, ஸ்கேட். மறந்தது: சாக்ஸ். அப்பா தன்னுடைய ஆபீஸ் சாக்ஸைக் கழற்றித் தந்துவிட்டு வெறுங்காலில் ஷூ போட்டுக்கொண்டார். மெல்லிய கறுப்பு சாக்ஸ். ஒன்றரை மணி நேரம் அதில்தான் நின்றேன்.

பாட் இரண்டும் டொரோண்டோ சித்தப்பாவின் மகன் தர்ஷன் போட்டுக் கழித்தவை. மார்க்கரால் பெரிதாக அவன் பெயர். அதனால் அணியில் எல்லோருக்கும் நான் தர்ஷ். ஆரணி என்று திருத்துவதை இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டாயிற்று. கோல் காப்பவளுக்கு எந்தப் பெயர் சொல்லிக் கத்தினாலும் சரி.

மே மாதம் எனக்கு இருபது. ஜூனியர் லீக்கில் இதுவே கடைசி. அதனால்தான் இந்தக் குறிப்பு. தமிழில், ஏனென்றால் டிரெஸிங் ரூமில் திறந்து கிடந்தாலும் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது.

செப்டம்பர் 21, சனி

பயிற்சி பாதியில் நின்றது. புகை மாதிரி ஒரு வெள்ளை, ஐஸிலிருந்து முழங்கால் வரை எழும்பியது. பின்பக்கக் கதவை யாரோ திறந்து வைத்துவிட்டார்கள். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வந்தால் ஐஸின் மேல் பனிமூட்டம். பக் — அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு — அதற்குள் போனால் அவ்வளவுதான்.

ஐஸைச் சமப்படுத்தும் ஐஸ் வண்டியை ஓட்டும் குல் பாய் ஓடிவந்தார். பெஷாவர்க்காரர். இந்தக் கொட்டகையில் உண்மையான முதலாளி அவர்தான்.

"தர்வாஸா! தர்வாஸா கிஸ்னே கோலா?"

திறந்தவர் அப்பா. கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியில் முதுகைக் கொடுத்து, அரைக்கைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் சூடு வரட்டும் எண்டு..." என்று என்னிடம் தமிழில். குல் பாயிடம் ஹிந்தியில் "ஸாரி பாய், டண்டா, டண்டா," குளிர் என்று.

பாவெல் கோச் எல்லோரையும் வட்டமாக ஓடவிட்டார். பனிமூட்டத்தைக் கலைக்க அதுதான் வழி. இருபது பேர் சுற்றிச் சுற்றி. ஹமத், எங்கள் கேப்டன், என்னைக் கடக்கும்போதெல்லாம் "உன் அப்பாவுக்கு நன்றி, தர்ஷ்! நல்ல உடற்பயிற்சி!"

செப்டம்பர் 22, ஞாயிறு

இதை ஒருமுறை தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு வேலை மஸ்கட்டில், ரூவியில். கம்பனி அந்தக் கிளைக்கு மாற்றி மூன்று வருடம். அம்மாவும் நானும் எல்லைக்கு இந்தப் பக்கம், கராமாவிலேயே. முடிகிற வாரமெல்லாம் வியாழன் வேலை முடிந்ததும் காரில் புறப்படுவார். ஹத்தா எல்லையில் முத்திரை விழுந்ததும் போனில் ஒரே ஒரு சொல் வரும்: "கடந்திட்டன்." சனி பின்னேரம் திரும்பிப் போகும்போதும் அதே சொல்.

ஓமானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இங்கே சனியும் ஞாயிறும். லீக் ஆட்டங்கள் ஞாயிறு நாலு மணிக்கு. அந்த நேரம் அப்பா ரூவியில் மேசையில் இருப்பார்.

இது மூன்றாவது சீசன். என் பயிற்சி எத்தனையோ பார்த்திருக்கிறார். ஓர் ஆட்டம் பார்த்ததில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல் ஆட்டம். ஷார்ஜா அணியோடு 4-3. வென்றோம்.

டாக்ஸிக்காரருடன் பேசியது:
"கிரிக்கெட்டா?"
"ஹாக்கி."
"ஹாக்கிக்கு இவ்வளவு பெரிய பையா? நான் லாகூர். ஹாக்கி எங்கள் விளையாட்டு."
"இது ஐஸில்."
சத்வா சிக்னல் தாண்டி:
"ஐஸில் ஏன்?"

இன்னும் யோசிக்கிறேன்.

ஆறு மணிக்கு அப்பாவின் அழைப்பு. ஒவ்வொரு கோலையும் கேட்பார். "எந்தப் பக்கத்தால வந்தது? உன்ர இடக்கைப் பக்கமோ? அப்ப நீ எங்க நிண்டனி?" ஆஃப்சைட் இன்னும் விளங்கவில்லை அவருக்கு. "அந்தக் கோட்டுக் கதையை விடு. நீ எங்க நிண்டனி எண்டு சொல்லு."

அக்டோபர் 20, ஞாயிறு

அபுதாபியோடு 1-6. என் கால்களுக்கு நடுவால் மட்டும் மூன்று. அப்பாவிடம் மூன்றையும் சொன்னேன். அவர் கடைசியில், "மற்ற எத்தினையைப் பிடிச்சனி?" முப்பதுக்கு மேல். "அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே நீ."

அக்டோபர் 26, சனி

வியர்வை நாறும் பையைப் பால்கனியில் காயவைத்தேன். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி எட்டிப் பார்த்து, "உணக்கமீன் ஆணோ மோளே?" கருவாடா என்று.

அம்மா உள்ளேயிருந்து, "ஓம் சேச்சி, கருவாடுதான். டொரோண்டோவில இருந்து வந்தது." பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிளினிக்கில் நாளெல்லாம் ரிசப்ஷன் சிரிப்புச் சிரிப்பவள். வீட்டில் இப்படிச் சிரித்துக் கண்டு கனநாள்.

ரிங்குக்கு அவள் வரமாட்டாள். "உனக்குப் படுறதை நான் பாக்கேலாது."

நவம்பர் 16, சனி

குல் பாய் அப்பாவுக்கு ஒரு ஜாக்கெட் கொடுத்தார். ஆரஞ்சு நிறம், முதுகில் வெள்ளிப் பட்டை, ரோட்டு வேலைக்காரர்கள் போடுவது. ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். "இது உங்களுடையது, தர்வாஸா சாஹிப். போட்டுக்கொள்ளுங்கள். கதவைத் தொடாதீர்கள்."

தர்வாஸா சாஹிப். கதவுத் துரை. ரிங்க் முழுக்க இனி அதுதான் அப்பாவின் பெயர். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை இங்கே.

பயிற்சியின் இடையில் பார்த்தேன்: இரண்டு பேரும் ஐஸ் வண்டியில் சாய்ந்து பேப்பர் கப்பில் தேநீர். அப்பாவின் ஹிந்தியும் குல் பாயின் ஹிந்தியும் வேறு வேறு. கைகள் நிறைய வேலை செய்தன.

போகும் வழியில் அப்பா: "அந்த மனுசனுக்கு உன்னைவிடச் சின்னப் பிள்ளையள் மூண்டு. ரெண்டு வருசமாக் காணேல்லையாம். நான் ஐஞ்சு மணித்தியாலத்தில வாறன். அதை நினைச்சா நான் வசதியான ஆள்தான்."

டிசம்பர் 8, ஞாயிறு

ஷார்ஜா 2-2.

யூனிவர்சிட்டிக் கட்டுரை பாக்கி. தனிமை பற்றி இரண்டாயிரம் சொல். கோல் வாசலில் நிற்பதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் அங்கே தனிமை இல்லை. பக் அடுத்த பாதியில் இருக்கும்போது கேட்பவை: ஸ்கேட் கீறும் சத்தம். குளிரூட்டியின் முனகல். என் மூச்சு முகமூடிக்குள். யாரோ பெஞ்சில் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்துவது. இத்தனை பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் இருக்கிறேன் என்று நம்பி முன்னே போகிறார்கள். இதற்கு வேறு ஏதோ பெயர்.

கட்டுரையை வேறு விஷயத்தில் எழுதினேன்.

ஜனவரி 18, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதத்தான் வேண்டும்.

விடிய வெளியே மூடுபனி. ஷேக் ஸாயிட் ரோட்டில் கட்டடங்களின் தலைகள் இல்லை. குல் பாய் லீவு. ஜாக்கெட் ஆணியில் இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள். அப்பா அரை மணி நேரம் தாங்கினார் போல. பிறகு கதவு. ஒரு சாண்.

வெள்ளை வந்தது. ஹமத் ஏற்கெனவே அடித்துவிட்டான். பக் எங்கே என்று தெரியவில்லை. கழுத்துக் காப்புக்கும் மார்புக் கவசத்துக்கும் நடுவில் வந்து பட்டது. மூச்சு நின்றது. முறிவில்லை. கழுத்தடி எலும்பின் மேல் பக்கின் வட்டம் நீலமாக.

அப்பா ஷூவோடு ஐஸில் ஓடிவந்தார். வழுக்கி முழங்காலில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து. பையன்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. எனக்குத்தான் அப்போது அப்படிக் கேட்டது.

எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "நீங்கள் இனி உள்ளுக்கு வரவேண்டாம் அப்பா. உங்களாலதான் எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

தமிழில் சொன்னேன், யாருக்கும் விளங்காது என்று. விளங்க வேண்டிய ஒருவருக்கு நன்றாக விளங்கியது.

"சரி பிள்ளை," என்றார். வழுக்காமல் திரும்பிப் போக ஹமத் கைகொடுத்தான்.

பின்னேரம் ஏழு: "கடந்திட்டன்."

ஜனவரி 25, சனி

அப்பா என்னை இறக்கிவிட்டு, பையைப் பின்வாசல் வரை தூக்கி வந்து வைத்துவிட்டு, காருக்குப் போய்விட்டார். ஒன்றரை மணி நேரமும் கார் பார்க்கில். கோபம் இல்லை. முகத்தில் எதுவும் இல்லை. காரில் நடராஜா கடை இடியப்பப் பார்சல் சூடாக எனக்காக. கழுத்து நோகுதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

குல் பாய் கேட்டார்: "தர்வாஸா சாஹிப் எங்கே?" ஜாக்கெட் மறுபடி ஆணியில். அவரே தேடிப் பிடித்துத் துவைத்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 8, சனி

அதே. கார் பார்க். குல் பாய் தேநீரை அங்கேயே கொண்டு போனார். இரண்டு கப், மேலே இன்னொரு கப்பால் மூடி.

ஒரு வாக்கியம் சொன்னால் முடியும். "உள்ளுக்கு வாங்கோ அப்பா." மூன்று சொல். ஒவ்வொரு சனியும் காரில் ஏறும்போது வாயில் இருக்கிறது. ரிங்குக்குத் திரும்பும் அல் கூஸ் வளைவு வரும்போது இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

அரையிறுதி. அல் ஐன் அணியோடு 3-2. வென்றோம்!!

கடைசி இரண்டு நிமிடம் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கால் போனது, கை போனது. ஒருமுறை முகமூடியால் தடுத்தேன். தலைக்குள் கோயில் மணி. பாவெல் கோச், சிரித்தே கண்டிராத மனிதர், என் முகமூடியை இரு கையாலும் பிடித்து அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தார். எனக்கில்லை, முகமூடிக்கு.

இறுதி ஆட்டம் ரமழானும் பெருநாளும் முடிந்த பிறகு. ஏப்ரல் 13. மறுபடி அபுதாபி. ஞாயிறு, நாலு மணி. வேறென்ன கிழமை.

அப்பா போனில்: "நீ எங்க நிண்டனி?" சொன்னேன். வெகுநேரம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். ரூம்மேட் மலையாளி பின்னால், "சேட்டா, மோள் ஜெயிச்சோ?" அப்பா அவருக்கும் என் கால் எங்கே போனது என்று விளக்கினார். என்னைவிட நன்றாக. பார்க்காத ஆட்டம்.

மார்ச் 15, சனி

நோன்பு மாதம். பயிற்சி வாரத்துக்கு ஒன்று மட்டும், ஐந்து மணிக்கு முன்பே முடிந்துவிடும். ஹமத் தண்ணீர்கூட இல்லாமல் பயிற்சி. வேண்டாம் என்று கோச் சொன்னாலும் கேட்பதில்லை. அவனுக்கும் இது கடைசி சீசன்.

முடிந்து வெளியே வந்தால் அவனுடைய உம்மா எல்லோருக்கும் பெட்டி பெட்டியாக லுகைமாத் கொடுத்து அனுப்பியிருந்தார். சின்ன உருண்டை, மேலே ஈச்சம்பாகு. அப்பாவுக்கும் ஒரு பெட்டி. ஹமத் தானே காருக்குக் கொண்டு போனான். கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், ஏன் உள்ளே வருவதில்லை? எங்களுக்குப் பனிமூட்டம் இல்லாமல் போரடிக்கிறது."

அப்பா சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பட்டியல் என்று மேலே எழுதினேன். ஹமத், அவன் உம்மா, குல் பாய், கோச், தர்ஷன், அந்த லாகூர் டாக்ஸி. நீண்டுகொண்டே போனது. முதலில் எழுத வேண்டிய பெயரை இன்னும் எழுதவில்லை என்று பார்த்து, பட்டியலை நிறுத்தினேன்.

ஏப்ரல் 5, சனி

காரில்.

"ஃபைனல் பதின்மூண்டாம் திகதி."
"தெரியும் பிள்ளை."
"ஞாயிறு."
"ஓம். கணக்குப் பாக்க ஓடிட்டர்மார் வந்து நிக்கினம். இந்த மாசம் லீவு கேக்கேலாது. அடுத்த வெள்ளியும் வரமாட்டன் போல கிடக்கு."
"பரவாயில்லை."
"போன்ல சொல்லு. எங்க நிண்டனி எண்டு."

உள்ளுக்கு வாங்கோ என்பதை இன்றைக்கும் சொல்லவில்லை. வரமுடியாதவரிடம் சொல்வதில் என்ன அர்த்தம் என்று எனக்கு நானே ஒரு காரணம். நல்ல காரணமில்லை.

ஏப்ரல் 12, சனி

ஈரப்பதம் திரும்பிவிட்டது. கண்ணாடி எல்லாம் வியர்வை. அப்பா வரவில்லை. பையை நானே இழுத்தேன்.

நாளை. எடுத்துவைத்தது: எல்லாம். சாக்ஸ் இரண்டு சோடி.

அம்மா திருநீறு பூச வந்தாள். முகமூடிக்கு உள்ளே பூசினாள், வெளியே தெரியாமல். "நாளைக்கு நான் வரட்டே?" என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்க முன் அவளே, "வேண்டாம், எனக்கு நெஞ்சு தாங்காது."

ஏப்ரல் 14, திங்கள்

புதுவருடம். அம்மா பொங்குகிறாள். கிளினிக்கில் அரைநாள் லீவு. உடம்பு முழுக்க நோவு. நேற்றைய ஆட்டத்தை மறப்பதற்கு முன் எழுதுகிறேன்.

முதல் பகுதி 1-0, நாங்கள். இரண்டாவது முடிய 2-2. மூன்றாவதில் இரண்டு பக்கமும் களைத்துவிட்டது. எனக்குக் களைப்பில்லை. பக் பெரிதாகத் தெரிந்தது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி. இப்படி ஒரு நாள் மூன்று சீசனில் வந்ததில்லை.

ஏழு நிமிடம் மீதி. பின்பக்க மூலையில், கதவின் பக்கம், ஐஸின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு அது கோடாக இல்லை.

முதலில் கோபம். யார் திறந்தது? அடுத்த மூச்சில், வேறு யார்.

அப்பா வந்திருக்கிறார்.

அந்த ஒரு மூச்சுதான். அபுதாபியின் உயரமான பையன் வெள்ளைக்குள் தடியை ஓங்கியது தெரிந்தது. பக் தெரியவில்லை. சத்தம் மட்டும், என் இடது பக்கம் பின்னால், வலையின் இரும்புக் கம்பியில். 2-3.

கோச் கத்தினார். நடுவர் கோல் கோல்தான் என்று சொல்லிவிட்டு, பிறகே ஆட்டத்தை நிறுத்தினார். இரண்டு அணியும் சேர்ந்து வட்டமாக ஓடி வெள்ளையைக் கலைத்தோம். எதிரிப் பையன்களும் நாங்களும், நாற்பது சோடி ஸ்கேட், ஒரே திசையில். நான் வேண்டுமென்றே வெளிவட்டத்தில்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அப்பா அதற்குள் பக்கவாட்டில். ஒரு தோள் உள்ளே, ஒரு தோள் வெளியே. ஆபீஸ் சட்டை, கழுத்தில் இன்னும் கம்பனி அட்டை. ஜாக்கெட் ஆணியில் தொங்கியது. அதை எடுக்க உள்ளே இரண்டு அடி வைக்க வேண்டும். வைக்கவில்லை.

குல் பாய் கோச்சிடம் கையை விரித்துக்கொண்டிருந்தார். "மெஷின் கராப், கோச். ஈரம் உறிஞ்சும் மெஷின் பழுது. நான் சொன்னேனே போன வாரம்." அப்படி ஒன்றும் அவர் சொன்னதில்லை. பிறகு போய் ஜாக்கெட்டை எடுத்து அப்பாவின் மேல் போட்டு, தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினார். ஏதோ திட்டினார். வாயசைவில் "சாஹிப்" மட்டும் புரிந்தது.

மீதி ஏழு நிமிடத்தில் ஒன்றும் உள்ளே விடவில்லை. ஒன்றும். கடைசி நிமிடம் கோச் என்னை வெளியே அழைத்தார். கோல் வாசலைக் காலியாக விட்டு, எனக்குப் பதிலாக இன்னொரு தாக்குபவன். எப்போதும் செய்வதுதான். அந்த ஒரு நிமிடம் எனக்கு வேலையில்லை. பெஞ்சில் நின்று ஐஸின் குறுக்கே ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தேன். அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு ஆட்டம் என்றால் கோல் வாசலில் நான். நான் அங்கே இல்லை என்றதும் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் கையை உயர்த்தினார். பாதிவரை.

முடிந்தது. 2-3. ஹமத் ஐஸில் மல்லாந்து படுத்துக்கொண்டு "கலாஸ்" என்றான், எல்லாம் முடிந்தது என்று. அழவில்லை. எழுப்பியபோது, "தர்ஷ், நீ இன்று சுவர்," என்றான். பிறகு, "ஆரணி," என்றான். அவனுக்கு என் பெயர் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

கார் பார்க்கில்:

"ஓடிட்டர்மார்?"
"பல்லுவலி எண்டு சொல்லிப்போட்டுப் பத்து மணிக்கு வெளிக்கிட்டனான். எல்லையில லைன். இல்லாட்டி முதல்லயிருந்தே பாத்திருப்பன்."
"ஏன் கதவுக்குள்ள நிண்டனீங்கள்?"
"நீதானே உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு சொன்னனி."

குற்றமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது மாதிரி.

பையை டிக்கியில் வைத்தார். மூடியை அழுத்தினார். பிறகு, மெதுவாக:

"அந்த மூண்டாவது எப்பிடிப் பிள்ளை உள்ள போனது? அதுமட்டும் நான் சரியாக் காணேல்லை. நீ எங்க நிண்டனி?"

"தள்ளி நிண்டிட்டன் அப்பா. என்ர பிழை."

"ம்." கொஞ்சம் யோசித்தார். "மற்றதெல்லாம் நல்லாத்தான் நிண்டனி."

கராமாவில் இறக்கிவிட்டு, அம்மா கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். இன்று எட்டுக்கு ரூவியில் இருக்க வேண்டும், பல்லைப் பிடித்துக்கொண்டு.

அவர் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மெசேஜ் எழுதினேன், எல்லையில் பார்க்கட்டும் என்று: "அடுத்தமுறை உள்ளுக்கு வாங்கோ அப்பா." அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது, அடுத்தமுறை என்று ஒன்று இல்லை.

காலை எழும்பிப் பார்த்தால் பதில் கிடந்தது.

"கடந்திட்டன். குல் பாயின்ர ஜாக்கெட்டைக் கழட்ட மறந்து அதோடயே வந்திட்டன். எல்லையில நிண்டவன் ரோட்டு வேலையோ எண்டு கேட்டான். ஓம் எண்டனான். சனிக்கிழமை கொண்டுவந்து குடுக்கோணும். நீயும் வா, உள்ளுக்குப் போவம்."